கொல்லர் மகன் கண்ட தூண்டல்

மண்டையோட்டைத் திறவாமல், தோலிற் கத்தி படாமல், மயக்க மருந்து கொடாமல், மூளையின் ஒரு சிறு பகுதியைத் தூண்டி நோயாளியின் விரலை அசைத்துப் பார்க்க இன்றைய நரம்பியல் வைத்தியர்களால் முடிகிறது. நோயாளி நாற்காலியில் விழித்தபடியே அமர்ந்திருக்கிறார். உறையிட்ட கம்பிச்சுருள் ஒன்று அவர் தலைமேல் மெல்ல வைக்கப்படுகிறது. சொடக்குப் போட்டாற்போல ஓர் ஒலி எழுகிறது. அவ்வளவுதான், அவர் நினையாதபோதே அவருடைய பெருவிரல் ஒருமுறை துடித்து அடங்குகிறது. தலைக்கும் சுருளுக்கும் இடையே தீப்பொறி இல்லை. மின்கம்பி எதுவும் உடலினுட் செல்லவில்லை. இடையில் நின்று தூது சென்றது கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலம் ஒன்றே.

மண்டையோட்டினூடான காந்தத் தூண்டல் என்பது இம்முறையின் பெயர். இதற்கான கருவி 1985ஆம் ஆண்டிலேதான் உலகுக்கு அறிமுகமாயிற்று. கருவி புதிது, ஆனால் அதனை இயக்கும் விதி பழையது. 1831ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே ஒரு கொல்லருடைய மகன் கண்ட விதி அது. சுருளையும் காந்தத்தையும் படமாக வரைந்து அவ்விதியை மனனஞ் செய்யாத விஞ்ஞான மாணாக்கர் இல்லை. ஆயினும், அதனைக் கண்ட மைக்கேல் பரடேயின் மூளையே நடுவயதில் அவரைக் கைவிடத் தொடங்கியது என்பதையும், தம் நினைவோடு அவர் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகப் போராடினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. மூளையைத் தீண்டும் வழியை மனிதருக்குத் திறந்துவிட்டவரின் வரலாற்றை அந்தக் கோணத்தில் நின்று ஒருமுறை நோக்குதல் தகும்.

புத்தகம் கட்டிய சிறுவன்

1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள், இலண்டனின் தென்புறத்தில் அந்நாளில் ஊர்ப்புறமாக இருந்த நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ், வடநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கொல்லர். கம்மாலையில் நாள் முழுவதும் நின்று உழைக்கும் உடல்வலு அவருக்கு இருக்கவில்லை. நோய் அடிக்கடி அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1801ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு வாரம் ஒன்றுக்கு ஒரு பாண் வீதமே கிடைத்ததென்பர். எழுத்தும் வாசிப்பும் கணக்கும் ஓரளவு தெரிந்ததோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில் அவர் ஜோர்ஜ் ரீபோ என்ற புத்தக வியாபாரியிடம் ஏவற் சிறுவனாகச் சேர்ந்தார். பத்திரிகைகளை வீடு வீடாகக் கொண்டு செல்வது அவருடைய வேலை. மறு ஆண்டில், புத்தகம் கட்டும் தொழிலைப் பழகுவதற்கு ஏழாண்டு ஒப்பந்தத்தில் அதே கடையில் அமர்ந்தார். பலர் புத்தகத்தின் புறத்தை மட்டும் கட்டினர். அவரோ கட்ட வந்த புத்தகங்களின் அகத்தையும் படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கைக்கு எட்டியது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி இரசாயனவியலை உரையாடல் வடிவில் விளக்கி எழுதிய நூலும் எட்டியது. படித்ததை அப்படியே நம்பிவிடும் இயல்பு அவரிடம் இல்லை. தம் சிறு வருவாயிற் சில சதங்களை ஒதுக்கி, போத்தல்களையும் கம்பித்துண்டுகளையும் கொண்டு, நூல் சொன்னதைத் தாமே செய்து பார்த்த பின்னரே அதனை ஏற்றார். இந்த ஒரு வழக்கமே பின்னாளில் அவரைப் பெரியவராக்கியது.

1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், றோயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞான நிறுவகத்தில் சேர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுக்கு அனுமதிச் சீட்டுக்களைக் கொடுத்தார். நான்கு விரிவுரைகளைக் கேட்ட பரடே, கேட்டவற்றை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி, வேலை வேண்டுமென்ற கடிதத்தோடு டேவிக்கு அனுப்பினார். தொழில் கற்ற கை அன்று சான்றிதழாயிற்று. நிறுவகத்தின் உதவியாளர் ஒருவர் கைகலப்புக் காரணமாக நீக்கப்பட்டபோது, 1813ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த இடம் பரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 சிலிங் சம்பளம். மேல்மாடியில் இரண்டு அறைகள்.

டேவியின் நிழலில்

அதே ஆண்டின் பிற்பகுதியில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பரடேயும் உடன் சென்றார். இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாரிசில் அம்பேரையும் மிலானில் முதியவரான வோல்ற்றாவையும் கண்டார். ஜெனோவாக் கடற்கரையில், தொட்டவரை அதிரச் செய்யும் மின்திருக்கை மீனை டேவி ஆராய்ந்தபோது அருகில் நின்று உதவினார். உயிருள்ள உடலினுள்ளும் மின்சாரம் பிறக்கிறது என்ற வியப்பு அன்றே அவருள்ளத்திற் பதிந்திருக்க வேண்டும். ஆனால் பயணம் முழுவதும் இன்பமாக அமையவில்லை. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அறிஞர் அவையில் மாணாக்கராகவும் விடுதியில் ஏவலாளராகவும் இருந்த அந்த ஒன்றரை ஆண்டும் அவர் பொறுமைக்கு வந்த சோதனை எனலாம்.

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பிக்கருகே திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டென்பது அதனால் வெளிப்பட்டது. மறு ஆண்டிலே பரடே, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்தார். இன்றைய மின்மோட்டாருக்கு அதுவே வித்து. ஆனால் அந்த வெற்றி அவருக்குப் பழியையும் கொணர்ந்தது. வொலஸ்டன் என்ற மூத்த அறிஞரின் கருத்தைக் களவாடினாரென்று முணுமுணுத்தனர். 1824ஆம் ஆண்டில் றோயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் தெரிவு செய்யப்பட்டார். அத்தெரிவை எதிர்த்து நின்றவர் வேறு யாருமல்லர், அவரை வளர்த்துவிட்ட டேவியே. இதைப் பரடே மனத்திற் பகையாக வளர்க்கவில்லை. இறுதிவரை டேவியை நன்றியோடு போற்றினார்.

அவருடைய வாழ்வுக்கு அமைதி தந்தவை இரண்டு. ஒன்று, 1821ஆம் ஆண்டில் மணந்த சாரா பார்னாட். மற்றது, சண்டிமேனியர் என்ற சிறிய கிறிஸ்தவ சபை. பொருள் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதாத சபை அது. தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை கூறிப் பெருஞ் செல்வம் ஈட்டியிருக்கக் கூடியவர் அவ்வழியை விட்டு ஆய்வுகூடத்தைத் தேர்ந்தமைக்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

மாறும்போது மட்டும்

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமாயின், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதோ? இவ்வினா பத்து ஆண்டுகளாக அவரை விட்டகலவில்லை. பலமுறை முயன்று பலமுறை தோற்றார். 1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள், ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பியைச் சுற்றினார். ஒரு பக்கச் சுற்றை மின்கலவடுக்கோடு தொடுத்தார். மறு பக்கச் சுற்றின் கம்பியைக் காந்த ஊசி ஒன்றின் மேலாகச் செலுத்தியிருந்தார். தொடுத்த கணத்தில் ஊசி அசைந்தது, பின்னர் நின்றுவிட்டது. மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தது, ஊசியோ அசையவில்லை. தொடர்பைத் துண்டித்த கணத்தில் அது மீண்டும் அசைந்தது, இம்முறை எதிர்த்திசையில்.

பிறர் தோற்றமைக்கும் தாமே முன்பு தோற்றமைக்கும் காரணம் அப்போது புலனாயிற்று. எல்லோரும் நிலையான விளைவையே எதிர்பார்த்து நின்றனர். இயற்கையோ மாற்றத்துக்கே மறுமொழி சொல்லியது. அசையாது கிடக்கும் காந்தம் எத்துணை வலியதாயினும் கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பாது. காந்தப்புலம் கூடும்போதும் குறையும்போதுமே அது எழும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு வலிதாக எழும். ஒக்டோபர் 17ஆம் நாள், சுருளினுள்ளே காந்தக் கோலைச் சடுதியாக நுழைத்தும் வெளியே இழுத்தும் இதனை உறுதிப்படுத்தினார். நவம்பர் 24ஆம் நாள் அவருடைய கட்டுரை றோயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்பவரும் தனித்து இதே உண்மையைக் கண்டிருந்தார். ஆனால் முதலில் வெளியிட்டவர் பரடே.

மின்பிறப்பாக்கிகளும் மின்மாற்றிகளும் இக்கண்டுபிடிப்பின் வழியே வந்தவை. அவற்றை உலகம் அறியும். அதே விதி உடலினுள்ளும் இயங்குமென்பதை உலகம் அறிவதற்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது. ஏனெனில் மூளையும் ஒருவகையில் மின்கடத்தியே. உப்புநீரில் ஊறிய அதன் இழையங்களிலும், மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை எழுப்பவல்லது.

மீனும் நரம்பும்

பரடே வைத்தியரல்லர். ஆயினும் நரம்பின் வியப்பு அவரைத் தொடாமல் விடவில்லை. 1838ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த மின்விலாங்கு ஒன்று இலண்டனிலுள்ள காட்சிச்சாலை ஒன்றில் வைக்கப்பட்டது. மீனின் பல்வேறு பகுதிகளிற் கைகளை வைத்து அதிர்ச்சியைத் தாமே உணர்ந்தும், கருவிகளால் அளந்தும், அது தரும் ஆற்றல் மின்கலவடுக்கின் மின்சாரத்தோடு ஒத்ததே என்று அவர் நிறுவினார்.

அதனோடு அவர் நிற்கவில்லை. நரம்பின் ஆற்றல் மீனின் உறுப்பிலே மின்சாரமாக மாறுமாயின், வெளியிலிருந்து செலுத்தும் மின்சாரம் நரம்பின் ஆற்றலாக மாறவும் கூடுமன்றோ என்று அக்கட்டுரையிலே வினவினார். காந்தமும் மின்சாரமும் ஒன்று மற்றொன்றாய் மாறுவதைக் கண்டவருக்கு அவ்வினா இயல்பாகவே எழுந்தது. விடையைத் தாம் அறிந்ததாக அவர் பாவனை செய்யவில்லை. பரிசோதனைக்குரிய வினாவாகவே அதனை விட்டுச் சென்றார்.

நினைவு தளர்ந்தபோது

மறு ஆண்டின் முடிவில் அவருடைய உடல்நிலை குலைந்தது. கடுந் தலையிடி, தலைச்சுற்று, எல்லாவற்றிலும் மேலாக மறதி. அப்போது அவருக்கு வயது 48. ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பாதரசத்தோடு பழகியமையாற் பாதரச நஞ்சு ஏறியிருக்கலாமெனப் பிற்காலத்திற் சிலர் ஊகித்தனர். அளவுமீறிய உழைப்பே காரணமென்றனர் வேறு சிலர். அக்கால வைத்தியர்களாற் கூற முடிந்த மருந்து ஒன்றுதான்: ஓய்வு. 1841ஆம் ஆண்டில் மனைவியோடு சுவிற்சர்லாந்து சென்று மலைவழிகளில் மைல்கணக்காக நடந்தார். உடல் தேறியது. கால்கள் களைப்பின்றி நடந்தன. நினைவு மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை.

தம் நினைவை நம்பாமல் தாளை நம்பும் வழக்கம் அவரிடம் முன்னரே இருந்தது. செய்த பரிசோதனை ஒவ்வொன்றையும், வெற்றியாயினும் தோல்வியாயினும், அன்றன்றே நாட்குறிப்பில் எழுதினார். 1832ஆம் ஆண்டு தொடக்கம் பந்திகளுக்குத் தொடரிலக்கம் இட்டு வந்தார். வாழ்நாள் இறுதியில் அவ்விலக்கம் 16,000ஐக் கடந்தது. அறிஞர் உலகம் அதனை ஒழுங்கின் சின்னமாகப் போற்றுகிறது. நோயின் பக்கம் நின்று பார்ப்போருக்கோ, வெள்ளத்தில் அகப்பட்டவன் பற்றிக்கொண்ட கயிறாகவும் அது தோன்றும். பிற்காலத்தில் ஒருமுறை சில வாரங்கள் உழைத்துப் பெற்ற முடிவுகளை எழுத அமர்ந்தபோது, அவை யாவும் பல மாதங்களுக்கு முன்பே தம் குறிப்பேட்டிலே தம் கையாலேயே எழுதப்பட்டிருந்ததை அவர் கண்டார். அந்தக் கணத்தில் அவருற்ற வேதனையை நாம் உணரலாம்.

ஆயினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1845ஆம் ஆண்டில், காந்தப்புலத்தினூடு செல்லும் ஒளியின் முனைவுத் தளம் திரும்புவதைக் கண்டார். காந்தத்தால் இழுக்கப்படாத பொருள்களும் வலிய காந்தத்தால் மெல்லத் தள்ளப்படுகின்றன என்பதை அதே ஆண்டில் வெளியிட்டார். தளர்ந்த நினைவோடு செய்த ஆய்வுகள் இவை. காந்தவிசைக் கோடுகள் வெளியெங்கும் பரந்துள்ளன என்ற அவருடைய கருத்தே பின்னர் மக்ஸ்வெல்லின் கணிதத்துக்கு அடித்தளமாயிற்று.

மேசை நகர்ந்த கதை

1853ஆம் ஆண்டில் இங்கிலாந்தெங்கும் புதிய மோகம் ஒன்று பரவியது. சிலர் மேசையொன்றைச் சுற்றியிருந்து அதன்மேற் கைகளை வைப்பர். சற்று நேரத்தில் மேசை தானே நகரும். ஆவிகளின் செயலென்றனர் சிலர். மின்சாரமும் காந்தமும் செய்யும் வேலையென்றனர் வேறு சிலர். தம் துறையின் பெயர் மூடநம்பிக்கைக்குத் துணையாவதைக் கண்டு பரடே வாளாவிருக்கவில்லை. கைகளுக்கும் மேசைக்கும் இடையே எளிதில் வழுக்கும் அட்டைகளை அடுக்கி, சிறு நெம்புகோலும் பொருத்தி, எது முதலில் நகர்கிறது என்று பார்த்தார். முதலில் நகர்ந்தவை கைகளே. இருந்தவர்கள் ஏமாற்றுக்காரரல்லர், தாம் தள்ளுவதைத் தாமே அறியாதவர்கள். நெம்புகோல் அவர்களுக்குத் தெரியும்படி வைக்கப்பட்டபோது மேசை அசைவதும் நின்றது.

காந்தத்தின் பெயரால் நடந்த மயக்கங்களில் அது முதலாவதன்று. அதற்கு முன்னைய நூற்றாண்டில் மெஸ்மர் என்ற வைத்தியர், உயிர்களிடத்து ஒரு காந்தப் பாய்பொருள் உண்டெனக் கூறிப் பாரிசில் நோய் தீர்க்கப் புகுந்தார். 1784ஆம் ஆண்டில் பிராங்கிளின், இலவோசியே முதலியோரைக் கொண்ட குழு ஆராய்ந்து, அத்தகைய பாய்பொருளுக்குச் சான்றில்லையென முடிவு கூறியது. விரும்புவதை நம்பும் மனத்தின் வலிமையையும் கணக்கில் எடுக்காத வைத்தியம் வைத்தியமன்று என்பது இவ்விரு நிகழ்ச்சிகளும் தரும் பாடம். இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், மீண்டும் தேவைப்படும்.

முதுமை நெருங்கியது. றோயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்றார். சேர் பட்டத்தையும் ஏற்கவில்லை. 1858ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் ஹம்டன் கோட்டில் வாழ்வதற்கு வீடொன்று அளித்தார். சிறுவர்க்கென நிகழ்த்திய நத்தார் விரிவுரைகளில் மெழுகுவர்த்தி ஒன்றையே பொருளாகக் கொண்டு இரசாயனவியலின் அடிப்படைகளை விளக்கிய அந்தப் பேச்சாளருக்கு, பேசவேண்டிய சொற்கள் நழுவத் தொடங்கின. 1862ஆம் ஆண்டில் இறுதிப் பரிசோதனையைக் குறித்தார். அவ்வாண்டிலேயே இறுதி மாலைப் பேருரையையும் நிகழ்த்தினார். 1867ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், தம் வாசிப்பறையின் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். ஆடம்பரமெதுவுமின்றி ஹைகேற் மயானத்தில் அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

பெயர் சென்ற வழி

பரடே உயிரோடிருந்த காலத்திலேயே அவர் பெயர் வைத்தியசாலைகளுட் புகுந்துவிட்டது. தூண்டற் சுருளிலிருந்து பெற்ற விட்டுவிட்டுப் பாயும் மின்னோட்டத்தைத் தசைகளிற் செலுத்தி நோயை ஆராயும் முறையைப் பிரெஞ்சு வைத்தியர் துஷேன் வளர்த்தார். அதற்குப் பரடேயின் பெயரையே இட்டனர். 1873ஆம் ஆண்டில் டேவிட் பெரியர், யோர்க்சயரிலுள்ள வேக்பீல்ட் மனநோயகத்தின் ஆய்வுகூடத்தில், விலங்குகளின் மூளைமேற்பரப்பை அந்த மின்னோட்டத்தால் தீண்டி, எவ்வெப் பகுதி எவ்வெவ்வுறுப்பை ஆள்கிறதென்று வரைந்தார்.

மறு ஆண்டில் அமெரிக்காவிலே பார்த்தலோ என்ற வைத்தியர், புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் மூளையில் ஊசிகளைச் செலுத்தி அதே மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். அவள் கை அசைந்தது. பின்னர் வலிப்புக் கண்டது. சில நாட்களில் அவள் இறந்தாள். வைத்திய உலகம் அவரைக் கண்டித்தது. உயிருள்ள மனிதமூளையின் இயக்கத்தை அறியவேண்டும், ஆனால் அதனைத் துன்புறுத்தலாகாது. இவ்விரண்டையும் இணைக்கும் வழி அன்று ஒருவருக்கும் தெரியவில்லை.

காந்தத்தாற் செய்யலாமோ என்று சிலர் முயன்றனர். 1892ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, எடிசனின் ஆய்வுகூடத்திலே வலிய காந்தங்களிடையே விலங்கையும் மனிதரையும் வைத்துப் பார்த்தும் எவ்விளைவும் தோன்றவில்லையெனக் கூறியது. பரடேயின் பாடத்தை அறிந்தோர்க்கு அது வியப்பன்று. நிலைத்து நிற்கும் காந்தப்புலம் மின்னோட்டத்தை எழுப்பாது. 1896ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால், ஆடலோட்டம் பாயும் பெரிய சுருளினுள்ளே தலையை வைத்தபோது கண்முன் ஒளிமினுக்கங்கள் தோன்றின, தலையும் சுற்றியது. 1910ஆம் ஆண்டில் இலண்டனில் சில்வானஸ் தொம்சன் இதனைத் தாமும் கண்டு அறிவித்தார். பரடேயின் வாழ்க்கை வரலாற்றை 1898ஆம் ஆண்டில் எழுதியவரும் இதே தொம்சன்தான். ஆனால் அவ்வொளி பெரும்பாலும் விழித்திரையிலிருந்து எழுந்தது என்றே பின்னர் தெளிந்தனர். மூளை இன்னும் எட்டாத தொலைவிலேயே இருந்தது.

சேபீல்டிற் கிடைத்த விடை

தலைத்தோலின்மேல் மின்வாய்களை வைத்து, உயர்ந்த மின்னழுத்தத்தால் மூளையைத் தூண்டலாமென மேர்ட்டனும் மோர்ட்டனும் 1980ஆம் ஆண்டில் இலண்டனிற் காட்டினர். முறை பயன்பட்டது, ஆனால் வலித்தது. எலும்பு மின்னோட்டத்தை எளிதில் விடாது. மின்னோட்டத்தின் பெரும்பகுதி தலைத்தோலிலே பரந்து அங்குள்ள தசைகளையும் வலியுணரும் நரம்புகளையும் தாக்கியது. காந்தப்புலத்துக்கோ எலும்பு தடையன்று. அது மண்டையோட்டினூடே தங்குதடையின்றிச் செல்லும்.

இவ்வேற்றுமையைக் கைக்கொண்டு, 1985ஆம் ஆண்டில் சேபீல்ட் நகரில் அந்தனி பார்க்கரும் அவர்தம் துணைவர்களும் வழி கண்டனர். மின்னேற்றத்தை முதலிற் கொள்ளளவி ஒன்றிற் சேமித்து, பின்னர் அதனை ஒரே வீச்சிற் சுருளினூடாகப் பாய்ச்சினர். சுருளிற் பாயும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான அம்பியர் அளவை எட்டும். ஆனால் துடிப்பு முழுவதும் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அளவிலேயே முடிந்துவிடும். எழும் காந்தப்புலம் ஏறத்தாழ 1 முதல் 2 தெஸ்லா. அது எழுந்து விழும் அதிவேகமே மருந்து. ஏனெனில் மாற்றம் விரைந்தால் தூண்டும் மின்னோட்டம் வலுக்கும். சுருளுக்கு நேர்கீழே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழம்வரையுள்ள மூளைப்புறணியில் நரம்புக்கலங்கள் விழிக்கின்றன. விரல் துடிக்கிறது. 1831ஆம் ஆண்டில் இரும்பு வளையத்தின் மறுபுறச் சுற்று இருந்த இடத்தில் இன்று மனிதமூளை இருக்கிறது. ஊசி இருந்த இடத்தில் விரல் இருக்கிறது. பரடேயின் தந்தை பிறந்ததும், பெரியர் மூளையை வரைந்ததும், இக்கருவி பிறந்ததும் ஒரே யோர்க்சயரில் என்பது தற்செயலான பொருத்தமே ஆயினும் நினைக்க இனிக்கிறது.

நோய் நிர்ணயத்தில் இதன் பயன் தெளிவானது. மூளையைத் தூண்டிய கணத்திலிருந்து கைத்தசை மறுமொழி கூறும் வரை நலமுள்ளவர்க்கு ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐம்பதிலொரு பங்கே செல்கிறது. நரம்பிழைகளின் மேலுறை பல இடங்களிற் சிதையும் நோயிலும், கழுத்தெலும்பு முண்ணாணை நெருக்கும்போதும் இந்நேரம் நீள்கிறது. பாரிசவாதத்தால் வீழ்ந்தவரின் கையில் ஆரம்ப நாட்களிலே மறுமொழி கிடைக்குமாயின் அக்கை தேறுமென்ற நம்பிக்கை மிகுகிறது. மூளைக்கட்டியை அகற்றமுன், பேச்சையும் இயக்கத்தையும் ஆளும் பகுதிகள் எவையென்று குறித்துக்கொள்ளவும் சத்திரசிகிச்சை வைத்தியர்க்கு இது உதவுகிறது.

சிகிச்சையிலும் இதற்கு இடமுண்டு. துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்தும்போது, செக்கனுக்கு ஒன்று என்ற மெதுவான வீதம் மூளைப்பகுதியின் கிளர்ச்சியைப் பொதுவாகத் தணிக்கிறது. விரைந்த வீதம் கூட்டுகிறது. மருந்துக்கு வசப்படாத மனச்சோர்வுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலையிடிக்கு 2013ஆம் ஆண்டிலும், ஒரே எண்ணம் ஓயாது வந்து வருத்தும் நோய்க்கு 2018ஆம் ஆண்டிலும் அனுமதி தரப்பட்டது. மனச்சோர்வு நோயாளி வாரம் ஐந்து நாளாக நான்கு முதல் ஆறு வாரம் வரை வந்து செல்லவேண்டும். தலையினுள் உலோகம் பொருத்தப்பட்டோருக்கு இது ஆகாது. அரிதாக வலிப்பும் வரலாம். பாரிசவாதத்தின் பின் கைகால்களை மீட்பது முதலிய பல நோக்கங்களுக்கு இது எவ்வளவு உதவுமென்பது இன்னும் ஆராய்ச்சிக்குரியதே. எல்லா நோயாளருக்கும் பயன் கிட்டுவதுமில்லை.

இங்கேதான் மேசை நகர்ந்த கதை மீண்டும் வருகிறது. ஒலி எழுப்பும் பெரிய கருவி, தலைமேற் சுருள், நாள்தோறும் கனிவோடு பேசும் வைத்தியர் ஆகிய மூன்றுமே நோயாளியின் மனத்தைத் தேற்றவல்லன. ஆதலால் ஆராய்ச்சியாளர் சிலருக்கு உண்மைச் சுருளையும், வேறு சிலருக்கு ஒலி மட்டும் எழுப்பும் பொய்ச்சுருளையும் வைத்து, எது எவருக்கென்று அவரறியாதபடி ஒப்பிடுகின்றனர். இரண்டுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடே சிகிச்சையின் மெய்ப்பயன். அட்டைகளையும் நெம்புகோலையும் கொண்டு பரடே செய்ததும் இதுவே. காந்தத் தூண்டலுக்கு அவர் விட்டுச்சென்றவை இரண்டு: ஒன்று விதி, மற்றது அவ்விதியின் பெயரால் எவரும் ஏமாறாதபடி காக்கும் ஐயம்.

அவருடைய மறதியை இச்சுருள் தீர்த்திருக்குமோ என்றால், தீர்த்திருக்குமென்று கூற இன்றும் எவருக்கும் உரிமையில்லை. நினைவிழப்புக்கு இம்முறை உறுதியான மருந்தாக இன்னும் நிறுவப்படவில்லை. அவர் தமக்காக அதனைத் தேடியவருமல்லர். காந்தம் மின்சாரமாகுமா என்று அறிய விரும்பினார், அறிந்தார், அறிந்ததை எழுதிவைத்தார். அதன் ஒரு கனி நோயாளியின் கைக்கு எட்ட 154 ஆண்டுகள் சென்றன.

பௌதிகவியலார், காந்தம் மின்னோட்டத்தை எழுப்புவதைத் தூண்டல் என்கின்றனர். உடற்றொழிலியலார், நரம்பு விழிப்பதையும் தூண்டல் என்றே கூறுகின்றனர். நம் தமிழ் ஒரே சொல்லால் இரண்டையும் உணர்த்துகிறது. மின்விலாங்கின்மேற் கை வைத்து நின்ற அந்தக் கொல்லர் மகன் அன்று வினவியதும், இவ்விரு தூண்டலும் ஒன்றையொன்று தொடுமோ என்பதையே.